பெரியப்பாவின் கணினி நடுநடுவே உறைந்துபோகிறது, எதிலிருந்து பார்ப்பது?

லயத்து வீடு:

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் பெரியப்பா வீட்டில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வாங்கிப் பத்து வருசத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு காலம் ஒழுங்காக ஓடியது, இப்போது சில மாதமாக நினைத்த நேரத்தில் நின்றுவிடுகிறது. வேலை செய்துகொண்டே இருப்பார், திடீரென்று மவுஸ் அசையாது, இல்லாவிட்டால் மவுஸ் மட்டும் அசையும், எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. சில சமயம் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக உயிர் வந்துவிடும். வராவிட்டால் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவார்.

நான் வேலை பார்ப்பது கோலாலம்பூரில். சனி ஞாயிறு ஊருக்குப் போய் நான் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது, நாள் முழுக்க ஓடும். திரும்பி ரயில் ஏறினால் கம்பார் தாண்டுவதற்குள் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வந்துவிடும், "மறுபடியும் நின்னுடுச்சு".

வெயில்தான் காரணம் என்பது பெரியம்மாவின் தீர்ப்பு. பழைய தகரக் கூரை வீடு, மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் அதிகமாக நிற்கிறதாம், அதனால் சின்ன மேசை விசிறியைக் கணினிக்கு முன்னால் வைத்துவிட்டார். நானும் சூடு என்றுதான் நினைக்கிறேன். டவுனில் ஒரு கடையில் காட்டினோம். அங்கே இருந்த நாளெல்லாம் ஒருமுறைகூட நிற்கவில்லை, ஆனாலும் மதர்போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

புதுசு வாங்க எனக்கு ஒன்றும் இல்லை. அவருக்குத்தான் மனசு வரவில்லை. தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் கணக்கு முழுவதும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. அது போக, பழைய தோட்டக் கதைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் எந்தத் தோட்டம் யார் கைக்குப் போனது, தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், என்ன பேசிக்கொண்டார்கள், இப்படி நிறைய. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இதுவரை தற்காலிக ஃபைல்களை அழித்தேன், வைரஸ் பார்த்தேன், தேவையில்லாத மென்பொருள்களை நீக்கினேன். பலன் இல்லை. அடுத்து என்ன செய்வது?


திருப்புளி:

தம்பி, முதலில் எதையும் வாங்காதீர்கள், எதையும் கழற்றாதீர்கள். ஒரு நல்ல பென்டிரைவ் எடுத்துக் கோயில் கணக்கையும் அவர் எழுதிய ஃபைல்களையும் இன்றைக்கே பிரதி எடுக்கச் சொல்லுங்கள். காரணம் என்னவாக இருந்தாலும் இது முதல் வேலை. கணினி போனால் இன்னொன்று வாங்கலாம், அவர் எழுதினதை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

அப்புறம், "நின்றுவிடுகிறது" என்று எல்லாரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் அது எப்படி நிற்கிறது என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. அடுத்த தடவை நிற்கும்போது கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்தச் சொல்லுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயந்திரம் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது, எதற்கோ காத்திருக்கிறது. பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்குக்காக, சில சமயம் கிராஃபிக்ஸ் டிரைவருக்காக. விளக்கு அசையவே இல்லை என்றால் அடியோடு நின்றிருக்க வாய்ப்பு அதிகம், அப்போது ரேம், பவர் சப்ளை, மதர்போர்டு, சூடு என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

பெட்டியின் முன்பக்கம் டிஸ்க் வேலை செய்யும்போது மினுக்கும் ஒரு சின்ன விளக்கு இருக்கும். நின்ற நேரத்தில் அது விடாமல் எரிகிறதா, அணைந்திருக்கிறதா? விடாமல் எரிந்தால் எனக்கு டிஸ்க்மேல்தான் சந்தேகம் வரும்.

சூடு என்கிறீர்கள். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பிராசஸர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எல்லாம் மெதுவாகும், அதற்கும் மேலே போனால் பட்டென்று அணைந்துவிடும். இரண்டு நிமிடம் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து ஒன்றுமே நடக்காத மாதிரி தொடர்வது சூட்டின் குணம் இல்லை. அதற்காகத் தூசியைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தோட்டப் பக்கத்து வீடுகளில் பெட்டியைத் திறந்தால் பல்லி முட்டை, எறும்புப் புற்று எல்லாம் பார்த்திருக்கிறேன்.


மூன்று பின்:

நான் வயர்மேன், கணினி ஆள் இல்லை, அதனால் என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். பழைய வீடு என்று சொன்னதால் கேட்கிறேன், சுவரில் இருப்பது மூன்று பின் சாக்கெட்தானா, எர்த் உண்மையாகவே இருக்கிறதா? சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பதால் உள்ளே எர்த் கம்பி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பெரியப்பா வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று பெட்டியின் இரும்பைத் தொடும்போது லேசாகச் சுர்ரென்று இருக்கிறது என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் எர்த் போயிருக்கிறது. கணினி பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டுகிற கப்பாசிட்டர்கள் உண்டு, எர்த் இல்லாவிட்டால் அதன் வழியாகப் பெட்டியின் இரும்புக்குக் கொஞ்சம் கரண்ட் வந்து நிற்கும். இதை நீங்களே கம்பி வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம், எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. சர்ஜ் புரொடக்டர் என்று எழுதிய நீட்டுப் பலகை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அதற்குள் இருக்கும் பொருள் மின்னல் அதிர்ச்சியை எர்த்துக்குத்தான் பெரும்பாலும் தள்ளிவிட வேண்டும். எர்த்தே இல்லாத வீட்டில் அது எங்கே தள்ளும்? ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சாயங்கால இடி நம் பக்கம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இடி கேட்டால் பிளக்கையும் மோடத்தின் கேபிளையும் பிடுங்கிவிடுவதுதான் நம்பக்கூடிய பாதுகாப்பு.

ஆனால் உங்கள் தொல்லைக்குக் கரண்ட் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் நாட்டில் 230 வோல்ட் என்று வைத்து அதற்கு மேல் 10 விழுக்காடு, கீழ் 6 விழுக்காடு வரை ஏறி இறங்க இடம் கொடுத்திருக்கிறார்கள், கணினி பவர் சப்ளைக்கு அது ஒன்றுமே இல்லை. கரண்ட் ஒரு நொடி பலமாகக் குறைந்தால் கணினி அணைந்து திரும்பத் தொடங்கும், இப்படிச் சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வராது.


ஈப்போ வெள்ளை:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பத்து வருசக் கணினி. விண்டோஸ் 10க்கு ஆதரவே 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், நான்காம் தலைமுறை ஐ3க்கு ரெண்டும் கிடையாது. ஈப்போ கிரீன்டவுனில் எங்கேயாவது அலுவலகத்திலிருந்து கழித்த சின்னக் கணினி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தலைவலி தீர்ந்தது.


திருப்புளி:

ஈப்போ வெள்ளை சொல்வதில் தப்பு இல்லை, ஒரு நாள் அதுவும் செய்ய வேண்டியதுதான். ஆனால் என்ன கோளாறு என்று தெரியாமல் புதுசு வாங்கினால் பழைய டிஸ்க்கைத்தான் கொண்டுபோய் அதிலிருந்து பிரதி எடுக்கப் பார்ப்பார்கள், அப்போது அது படுத்துவிட்டால்? வயசானவர்களுக்குக் கணினி வாங்கிக் கொடுப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

விண்டோஸ் 10 பற்றிச் சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. வீட்டுப் பயனாளர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் என்று 2026 அக்டோபர் 13 வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதனோடு ஒத்திசைத்தால் காசு கேட்காது. அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இடம் இருக்கும். பேங்க் வேலை அதில் பார்க்கிறார் என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

லயத்து வீடு, உங்கள் பெரியப்பா கிராணி என்றீர்கள். அப்படியென்றால் வருசக்கணக்காக செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடு, எழுதியவர். அவரைவிட நல்ல ஆள் இந்த வேலைக்குக் கிடைக்காது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம், அப்போது எதைத் திறந்தார், கேப்ஸ் விளக்கு, டிஸ்க் விளக்கு, எவ்வளவு நேரத்தில் திரும்பியது, இவ்வளவையும் கோடு போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைந்து பார்ப்பதைவிட இது மேல், ஏனென்றால் அது நிற்கிற அந்த நேரத்தில் உங்கள் இணைப்பும் சேர்ந்து நின்றுவிடும்.

ஊருக்குப் போகும்போது நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் (விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடு) என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டத்துக்குப் போங்கள். கெர்னல்-பவர் 41 என்று சிவப்பில் நிறைய இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவர் பட்டனை அழுத்தி அணைத்த ஒவ்வொரு தடவையும் அது பதிவாகும், அது விளைவு, காரணம் இல்லை. தேட வேண்டியது அதற்குக் கொஞ்சம் முன்னால் இருப்பவை. டிஸ்க் என்ற பெயரில் 7 என்று இருந்தால் டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் இருக்கிறது. 153 என்றால் ஒரு தடவை படிக்க முடியாமல் திரும்ப முயன்றிருக்கிறது. ஸ்டோர்ஏஹெச்சிஐ என்ற பெயரில் 129 என்றால் டிஸ்க் பதிலே சொல்லாததால் விண்டோஸ் அதன் இணைப்பை உலுக்கி எழுப்பியிருக்கிறது.

இரண்டாவது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள். அதைத் திறந்தால் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பு தெரியும். அதில் 05, சி5, சி6, சி7 ஆகிய நான்கு வரிகளின் மூலமதிப்பை இங்கே போடுங்கள். அது பதினாறடி எண்ணில் (ஹெக்ஸ்) காட்டும், அமைப்பில் நாம் வழக்கமாக எண்ணும் பத்தடிக்கு மாற்றிக்கொள்ளலாம். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் குற்றம் டிஸ்க் இல்லை, அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள், சில வெள்ளியில் (ரிங்கிட்) முடிந்துவிடும். சி5 ஏறியிருந்தால் விசயம் வேறு, டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்களை எண்ணும் வரி அது.


பழைய டீச்சர்:

மேலே எல்லாரும் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், நான் அதற்குள் இருக்கும் எழுத்தைப் பற்றிக் கேட்கிறேன். பெரியப்பா எந்தக் காலத்திலிருந்து தமிழில் தட்டச்சு செய்கிறார்? 90களிலும் அதற்குப் பின்னாலும் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் அடித்த ஃபைல்கள் இருக்கிறதா? இருந்தால் பென்டிரைவில் ஃபைலை மட்டும் எடுத்தால் போதாது.

எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்திலும் குறியீடுகளின் இடத்திலும் உட்கார வைத்துத்தான் எழுத்துருக்கள் செய்தார்கள். டிஸ்கி, தாம், தாப் என்று பல முறைகள் இருந்தன. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் திறந்தால் அழகான தமிழ். இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். புதுக் கணினி வந்ததும் "என் கட்டுரையெல்லாம் கெட்டுப்போச்சு" என்று எங்கள் பள்ளியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் கெடவில்லை, எழுத்துரு வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து இணைமதி போன்ற தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10இல் பயனாளர் தனக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று வேறு இடத்தில் இருக்கும், அங்கேயும் பாருங்கள். பிறகு நிதானமாக ஒரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றலாம், ஆனால் பழைய ஃபைலை அழித்துவிடாதீர்கள். மாற்றியில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி விழும், பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தேவைப்படும்.

இன்னொரு வேண்டுகோள். திரையில் ஐகான் இருக்கும் இடங்களைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எல்லாம் சரிசெய்த பிறகு அதே இடத்தில் அதே வரிசையில் வைத்துக் கொடுங்கள். இளசுகளுக்கு இது அற்பமாகத் தெரியும்.


லயத்து வீடு:

எல்லாருக்கும் நன்றி. ஊருக்குப் போய்விட்டு வந்தேன். பெரியப்பா நோட்டை நீட்டினார். நான் சொன்னதைவிட இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டு வைத்திருக்கிறார், ஒன்று வானிலை, இன்னொன்று குறிப்பு. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்.

9.20, கோயில் கணக்கு திறந்தேன், தடை இல்லை, வானம் தெளிவு.
11.05, கடிதம் தட்டச்சு, தடை இல்லை.
14.10, திருவிழா 2016 படங்கள் திறந்தேன், நின்றது, கேப்ஸ் விளக்கு எரிந்து அணைகிறது, சிவப்பு விளக்கு விடாமல் எரிகிறது, 14.13க்கு வந்தது, வெயில்.
14.25, அதே படங்கள், மறுபடியும் நின்றது, நான் அணைத்துவிட்டேன்.
15.00, மழை, நல்ல குளிர்ச்சி, திருவிழா படங்கள், நின்றது. குறிப்பு: வெயில் இல்லாமலும் நிற்கிறது, அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

எல்லாப் பக்கமும் இப்படித்தான். காலையில் கணக்கும் கடிதமும், அப்போது ஒன்றும் ஆவதில்லை. மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்த பிறகு பழைய படங்களையும் ஸ்கேன் செய்த காகிதங்களையும் எடுத்துப் பிரிக்கிறார், அப்போதுதான் நிற்கிறது. அதிலும் குறிப்பிட்ட இரண்டு ஃபோல்டரில்தான். நான் போனால் யூடியூபும் செய்தியும் பார்ப்பேன், அந்தப் படங்களைத் தொட்டதே இல்லை. கடைக்காரரும் அதைத் திறந்திருக்க மாட்டார்.

ஈவென்ட் வியூவரில் டிஸ்க் 7 நிறைய, 153 அங்கங்கே. நேரம் பெரியப்பாவின் நோட்டோடு நிமிடக் கணக்கில் ஒத்துப்போகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சளாகக் காட்டுகிறது. 05 என்ற வரியில் 10, சி5இல் 48, சி6இல் 48, சி7 வெறும் சுழி. டிஸ்க்கின் சூடு 41 பாகை.

எர்த் பற்றிக் கேட்டேன். "சுர்ருன்னுதான் இருக்கும், அது எப்பவுமே அப்படித்தான்" என்று சாதாரணமாகச் சொல்கிறார். வயர்மேனுக்குச் சொல்லியாகிவிட்டது.

பழைய டீச்சர், உங்கள் கணிப்பு சரி, முரசு அஞ்சல் ஃபைல்கள் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கின்றன. எழுத்துருக்களோடு எடுத்துவிட்டேன்.


திருப்புளி:

நோட்டைப் பார்த்துக் கை கூப்பிவிட்டேன், பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கொடுத்தவை பதினாறடி எண்கள் என்றால் சி5இல் 48 என்பது 72. அதாவது 72 இடங்களைப் படிக்க முடியாமல் டிஸ்க் நிறுத்தி வைத்திருக்கிறது. ஏற்கெனவே 16 இடங்களைக் கைவிட்டு வேறு இடம் மாற்றிக்கொண்டது. அந்த இரண்டு ஃபோல்டரும் அந்தக் கெட்ட இடத்தின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே படிக்கப் போகும்போது டிஸ்க் ஒரே தடவையில் முடியாது என்று சொல்லிவிடாது, கடன் கொடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருக்கும், அதுவரை விண்டோஸ் வாயைத் திறக்காது. கிடைத்துவிட்டால் உயிர் வரும், கிடைக்காவிட்டால் பெரியப்பா பட்டனை அழுத்துவார். மதர்போர்டில் ஒரு குறையும் தெரியவில்லை. டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும்.

இனி கவனமாக. விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை /r சேர்த்து ஓட்டுங்கள் என்று யாராவது சொல்வார்கள், படங்களை எடுத்து முடிக்கும் வரைக்கும் அதைத் தொடாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் இண்டு இடுக்கு விடாமல் படிக்கும், சாகப்போகிற டிஸ்க்குக்கு அந்த வேலை கொடுப்பது ஆபத்து. டிஸ்க்கில் சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக்கும் செய்யாதீர்கள். பெரியப்பாவை அந்த இரண்டு ஃபோல்டரையும் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், நீங்கள் வரும் வரை கணினியையே அணைத்து வைத்தால் இன்னும் நல்லது.

விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் போட்டு அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள், நிறுவ வேண்டாம், சும்மா ஓட்டினால் போதும். அப்படிச் செய்தால் விண்டோஸ் பின்னணியில் அந்த டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்காது. முதலில் நல்ல ஃபோல்டர்களை வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். கடைசியாகத்தான் அந்தத் திருவிழாப் படங்கள். ஒரு படத்தில் மாட்டிக்கொண்டால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுங்கள். எல்லாப் படமும் வேண்டும் என்றால் டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி இருக்கிறது, அது முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிந்த இடத்தையெல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும், எங்கே விட்டது என்று ஒரு ஃபைலில் குறித்தும் வைத்துக்கொள்ளும். ஆனால் எதிலிருந்து எதற்கு என்று இரண்டு டிஸ்க்கின் பெயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் உள்ளதும் போய்விடும், அதனால் பழக்கம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பழைய டிஸ்க்குக்குப் பதில் சுழலும் தட்டு இல்லாத இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று போடுங்கள். முடிந்தால் அதே வகை டிடிஆர்3 ரேம் இன்னொரு 4 ஜிபி. இப்படி அடி வாங்கிய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழுப் பிரதி) செய்யாமல் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். உரிமம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், ஏற்கெனவே முறையாகச் செயல்படுத்திய விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது, டிஸ்க் மாறினால் போகாது.


ஈப்போ வெள்ளை:

சரி சரி, நான் ஒத்துக்கொள்கிறேன், எஸ்.எஸ்.டி. போட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனால் லினக்ஸில் தொடங்குகிறீர்களே, அப்படியே லினக்ஸிலேயே விட்டுவிடலாமே? அப்டேட் தேதி பற்றிய கவலையும் இல்லை.


பழைய டீச்சர்:

வேண்டாம் தம்பி. எக்செலில் கோயில் கணக்குப் போட்டுப் பழகியவரிடம் போய் இதையும் மாற்றினால் கணினியை மூடி வைத்துவிட்டு மறுபடி பேரேடு வாங்கிவிடுவார். அவராகக் கேட்டால் பார்க்கலாம்.


லயத்து வீடு:

முடித்துவிட்டோம். எஸ்.எஸ்.டி. போட்டு, ரேம் சேர்த்து, விண்டோஸ் 10 புதிதாக நிறுவி, அப்டேட்டுக்கும் பதிவு செய்தாகிவிட்டது. கணக்கும் எழுத்தும் முழுசாக வந்துவிட்டன. திருவிழாப் படங்களில் சில போய்விட்டன. தேர் வடம் பிடிக்கிற இடத்தில் ஒரு படம் பாதிவரை தெளிவாக இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். டிடிரெஸ்க்யூ வரைக்கும் போகலாமா என்று கேட்டேன், அந்தப் படங்கள் கோயில் தலைவர் வீட்டு ஆல்பத்தில் அச்சாக இருக்கின்றன, வாங்கி ஸ்கேன் செய்துகொள்கிறேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். பழைய டிஸ்க்கை ஒரு பொட்டலத்தில் கட்டி "பழுது, பயன்படுத்தக் கூடாது" என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறார்.

வயர்மேன் வந்து பார்த்ததில் அந்த அறைக்கு எர்த் கம்பியே போகவில்லை. புதிதாக இழுத்துக் கொடுத்தார். இப்போது சுர்ரென்பது இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஒவ்வொரு நாள் காலையிலும் கணினியைத் தொடங்கினால் தேதி பழையதாகக் காட்டுகிறது, பேங்க் இணையப் பக்கம் சான்றிதழ் சரியில்லை என்று திறக்க மறுக்கிறது. கையால் தேதியை மாற்றினால் அன்றைக்கு முழுக்கச் சரியாக இருக்கிறது. டிஸ்க் மாற்றியதால் வந்ததா?


மூன்று பின்:

டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் ராத்திரி சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவார் என்று நினைக்கிறேன். நல்ல பழக்கம், மாற்றச் சொல்லாதீர்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போது மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பேட்டரிதான் கடிகாரத்தை ஓட்டும், பத்து வருசத்தில் அது தீர்ந்துபோயிருக்கும். சிஆர்2032, 3 வோல்ட். கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.


திருப்புளி:

ஆமாம், அதேதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், எழுத்து இருக்கும் பக்கம் மேலே. மாற்றியதும் முதல் தடவை பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) போய்த் தேதியைப் போட்டுவிட்டு, டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ஏஹெச்சிஐ என்றே இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். பேட்டரியைக் கழற்றும்போது சில போர்டுகளில் அது பழைய நிலைக்கு மாறிவிடும், அப்புறம் விண்டோஸ் தொடங்காது, எஸ்.எஸ்.டி. போய்விட்டது என்று நீங்கள் பயந்துவிடுவீர்கள்.